முதல் வார்டு போஸ்டிங்கில் கேர் பிளான்: தியரியில் தொடங்கி ரெக்கார்டு வரை

பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முதலாம் ஆண்டு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எஸ்சி.க்கு 2021-22 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் நர்சிங் ஃபவுண்டேஷன் முதல் இரண்டு செமஸ்டரிலும் இருக்கிறது. வகுப்பில் தியரி ஓடிக்கொண்டிருக்கும்போதே வார்டு போஸ்டிங்கும் வந்துவிடும். புதுச்சேரியில் மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போகிற எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான். கேஸ் ஷீட்டைத் திறக்கிறார்கள், டாக்டர் எழுதிய நோயின் பெயரைப் பார்க்கிறார்கள், புத்தகத்தில் அந்த நோய்க்கு அச்சடித்திருக்கும் கேர் பிளானை (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை) அப்படியே ரெக்கார்டில் இறக்குகிறார்கள். நோயாளியிடம் பேசுவது கடைசியில்தான், சிலர் பேசுவதே இல்லை.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். முதலில் ஆள், அடுத்து தியரி, அப்புறம் டயக்னோசிஸ், புத்தகம் அதற்கும் பிறகு. கீழே எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: 56 வயது மீனவர், கடலூர் தேவனாம்பட்டினம், பத்து வருடமாகச் சுகர், வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண், புதுச்சேரியில் ஓர் அரசு மருத்துவமனையில் அட்மிஷன். இவர் கற்பனை ஆள். ஆனால் கடலூரிலிருந்து இப்படிக் காலில் புண்ணோடு பஸ் ஏறி வருபவர்கள் இங்கே எந்த சர்ஜிக்கல் வார்டிலும் இருப்பார்கள்.

1. வார்டுக்குள் போகும் முன்

பாக்கெட்டில் அடங்கும் நோட்டு, பேனா, நொடி முள் உள்ள வாட்ச். மொபைலில் நேரம் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும்போது இன்னொரு கையால் மொபைலைத் தடவுவது சுத்தமும் இல்லை, மரியாதையும் இல்லை. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், வளையல், மோதிரம் வேண்டாம், அவற்றின் அடியில் கிருமி தங்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். போஸ்டிங் தொடங்கும் முன் முதல் இரண்டு டோஸாவது முடிந்திருக்க வேண்டும்.

வயது வந்தவரின் இயல்பான அளவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். பல்ஸ் நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. இவை தெரியாமல் எண்ணினால் வெறும் எண்தான் கிடைக்கும், எப்போது சிஸ்டரிடம் ஓட வேண்டும் என்று தெரியாது.

கை கழுவும் ஐந்து தருணங்களும் அப்படித்தான்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கடைசியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாலும் கை சுத்தம் செய்தே ஆக வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 நொடி.

2. கேஸ் ஷீட்டில் பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் முதலில் பாருங்கள்

கேஸ் ஷீட்டை முழுக்கப் படித்துவிட்டுப் போனால் அதில் இருப்பதை மட்டுமே நோயாளியிடம் தேடுவீர்கள். எதுவுமே பார்க்காமல் போனால் ஆபத்து. அதனால் ஒரே நிமிடத்தில் நான்கு விஷயம்: பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்), தொற்று முன்னெச்சரிக்கை ஏதாவது உண்டா, அலர்ஜி உண்டா, வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா. நோயாளி தண்ணீர் கேட்டவுடன் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடும் மாணவர்கள் உண்டு. அவருக்கு இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஆபரேஷன் என்றால் அந்த ஒரு டம்ளரால் ஆபரேஷனே தள்ளிப்போகும். மீதி ஷீட்டை ஆளைப் பார்த்த பிறகு படியுங்கள்.

3. பேச்சைத் தொடங்குதல்

முதல் வேலை பி.பி. கஃப்பைக் கட்டுவது என்று நினைக்கிறார்கள். முதல் வேலை உங்கள் பெயரைச் சொல்வது. “வணக்கம் ஐயா, நான் நர்சிங் படிக்கிற மாணவி, இந்த வாரம் காலையில உங்களைப் பார்த்துக்குவேன். கொஞ்சம் பேசலாமா, இப்ப வலி எதுவும் இல்லையே?” இவ்வளவு போதும். மாணவி என்பதை மறைக்காதீர்கள். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்று மறுப்பதும் அவருடைய உரிமை.

ஐம்பதுகளில் இருப்பவரைத் ‘தாத்தா’ என்று கூப்பிடாதீர்கள், பலருக்கு அது பிடிப்பதில்லை. ‘ஐயா’, ‘அம்மா’ என்று தொடங்குங்கள், அவரே “அப்பான்னு கூப்பிடும்மா” என்றால் கூப்பிடலாம். ‘அந்த சுகர் ஃபுட் பேஷன்ட்’ என்று அவர் காதுபடப் பேசுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நர்சிங் தியரி எழுதியவர்களில் ஒருவரான ஹில்டகார்ட் பெப்லாவின் தியரியில் நர்ஸ்-நோயாளி உறவின் முதல் கட்டம் ஓரியன்டேஷன். முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் அளந்துகொள்ளும் நேரம் அது. பரீட்சைக்காகப் படித்த அந்த வரி இங்கே வேலைக்கு வருகிறது. முதல் பத்து நிமிடத்தில் அவர் சொல்லும் பதில் முழுமையாக இருக்காது. “செருப்புப் போடுவீங்களா?” என்றால் “போடுவேன்மா” என்பார். மூன்றாம் நாள் அதே கேள்விக்கு வேறு பதில் வரும். அதனால் முதல் நாள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

கூட இருக்கும் மனைவியோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் ‘மனைவி கூறியது’ என்று தனியாக. இரண்டும் கலந்துவிட்டால் பிறகு எது அவர் உணர்ந்தது, எது வீட்டார் கணித்தது என்று பிரிக்க முடியாது.

4. தகவல் சேகரிப்பு

அவர் சொல்வது ஒரு பக்கம், நீங்கள் பார்த்ததும் அளந்ததும் இன்னொரு பக்கம். நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “கால்ல பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு” என்பதை ‘உணர்ச்சிக் குறைவு’ என்று மாற்றி எழுதினால் உங்கள் கணிப்பு உண்மையின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

நம் உதாரணத்தில் இடது பக்கம்: பஞ்சு போன்ற உணர்வு, புண் எப்போது வந்தது என்று தெரியவில்லை, செருப்பில் ரத்தம் பார்த்துதான் தெரிந்தது, கரையில் வலை பிரிக்கும்போது வெறுங்கால்தான், காய்ப்பை பிளேடால் சீவுவார், “ஊசி போட்டா கடலுக்குப் போக முடியாதுன்னு சொல்றாங்க”. வலது பக்கம்: வெப்பநிலை 100.2 பாரன்ஹீட், பல்ஸ் 96, புண் 3 செ.மீ.க்கு 2 செ.மீ., ஓரம் தடித்திருக்கிறது, விரல் இடுக்கு ஈரமாக இருக்கிறது, காலைத் தட்டில் பாதி இட்லி மிச்சம்.

மூச்சை எண்ணும்போது எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்த கையை எடுக்காமலேயே மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது புதியவர்களின் பழக்கம். மூச்சு ஒழுங்கற்று இருந்தால் அந்தக் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும்.

புண்ணை எழுதும்போது ‘பெரிய புண்’, ‘மோசமான புண்’ என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு எதுவும் புரியாது. எந்த இடம், நீளம், அகலம், புண்ணின் அடிப்பகுதியின் நிறம், கசிவு, நாற்றம், சுற்றியுள்ள தோல் என்று எழுதினால்தான் நாளைக்கு ஆறுகிறதா இல்லையா என்று ஒப்பிட முடியும்.

5. இப்போது தியரியைத் தேர்ந்தெடுங்கள்

பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். “மேடம், நான் ஹென்டர்சன் எடுத்துக்கிறேன்” என்று வார்டுக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள், காரணம் அவர் தியரியில் வரும் 14 தேவைகளும் மனப்பாடம் ஆகியிருக்கும். தியரி என்பது எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் சட்டகம். நபரின் நிலைக்குப் பொருந்தாத சட்டகம் தவறான கேள்விகளையே கேட்க வைக்கும். எல்லாத் தியரியும் நபர், சூழல், ஆரோக்கியம், நர்சிங் என்ற நான்கைப் பற்றித்தான் பேசுகின்றன, அழுத்தம் கொடுக்கும் இடம்தான் வேறு.

படுத்த படுக்கையாக, குளிப்பது முதல் மலம் கழிப்பது வரை எல்லாவற்றுக்கும் உதவி வேண்டியவரா? வர்ஜீனியா ஹென்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகள் நன்றாகப் பொருந்தும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவர், ஆனால் அறிவோ பலமோ பழக்கமோ போதாமல் இருக்கிறாரா? டோரத்தியா ஓரெமின் சுய பராமரிப்புக் குறைபாடு தியரி. கால் எடுக்கப்பட்டவர், மார்பகம் நீக்கப்பட்டவர் என்று புதிய நிலைக்குப் பழக வேண்டியவரா? காலிஸ்டா ராயின் தகவமைப்பு மாடல், அதில் உடல் மட்டுமல்லாமல் தன்னைப் பற்றிய எண்ணம், குடும்பத்தில் வகிக்கும் பாத்திரம், பிறரைச் சார்ந்திருத்தல் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மனநல வார்டில் பேச்சே சிகிச்சையாக இருக்கும் இடத்தில் பெப்லா.

நம் மீனவருக்கு ஓரெம். அவரால் நடக்க முடிகிறது, சாப்பிட முடிகிறது, வீட்டுக்குப் போன பிறகு காலைப் பார்த்துக்கொள்ளப்போவதும் அவர்தான். ஒருவேளை விரலை எடுக்க வேண்டி வந்தால் ராய்க்கு மாறலாம், நிலை மாறினால் சட்டகமும் மாறலாம். ஒரே கேர் பிளானில் இரண்டு தியரியைக் கலக்காதீர்கள், எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று முதலாம் ஆண்டில் குழம்பிப்போவீர்கள்.

6. கட்டங்களில் அடுக்குங்கள், காலிக் கட்டங்களைப் பாருங்கள்

ஓரெம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் தேவைகள் எட்டு: காற்று, நீர், உணவு, கழிவு வெளியேற்றம், செயலும் ஓய்வும், தனிமையும் பிறருடன் பழகுதலும், ஆபத்துத் தடுப்பு, இயல்பாக இருத்தல். இவற்றோடு வளர்ச்சிப் பருவம் சார்ந்த தேவைகள், நோயால் வந்த தேவைகள் என்று இன்னும் இரண்டு வகை. நோட்டில் இருப்பதை இவற்றில் பிரித்துப் போடுங்கள்.

ஆபத்துத் தடுப்புக் கட்டம் நிரம்பி வழியும்: வெறுங்கால், பிளேடு, மரத்த பாதம். தனிமை, பழகுதல் கட்டம் காலியாக இருக்கும். அங்கே பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை, நீங்கள் கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டால்தான் தெரியும், படகில் அவர் பங்கு போனால் வீட்டு வருமானம் என்னவாகும் என்ற கவலையில் இரவு தூங்கவே இல்லை என்று. தியரியால் கிடைக்கும் நேரடிப் பயன் இதுதான், விட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும். மாணவர்கள் காலிக் கட்டத்தில் ‘நார்மல்’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். கேட்காமல், பார்க்காமல் அந்த வார்த்தையை எழுதக் கூடாது.

7. நர்சிங் டயக்னோசிஸ்

அதிகம் தடுக்கி விழும் இடம், நிதானமாகப் போங்கள். வடிவம் மூன்று பகுதி: பிரச்சினை, அதற்கான காரணம், அதைக் காட்டும் அறிகுறிகள்.

முதல் தவறு, டாக்டரின் நோய்ப்பெயரை எழுதுவது. ‘டயாபட்டிக் ஃபுட் அல்சர்’ நர்சிங் டயக்னோசிஸ் ஆகாது. அது நோய். நாம் எழுதுவது அந்த நோயால் இந்த மனிதருக்கு என்ன குறைகிறது என்பதை, அதுவும் நர்சிங் செயலால் மாற்றக்கூடியதை.

இரண்டாவது, காரணம் என்ற இடத்திலும் நோயையே வைப்பது. ‘சர்க்கரை நோயால் திசுச் சிதைவு’ என்று எழுதினால் அடுத்து என்ன செய்வீர்கள்? சர்க்கரை நோயை உங்களால் எடுத்துவிட முடியாது. ‘உணர்விழந்த பாதத்தில் தொடர்ந்து விழும் அழுத்தத்தால் திசுச் சிதைவு; 3 செ.மீ.க்கு 2 செ.மீ. புண், தடித்த ஓரம் இதைக் காட்டுகின்றன’ என்று எழுதினால் செயல் தானாகவே வரும், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தால் செயலைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று: புண் தோலின் மேற்படலங்களைத் தாண்டி ஆழமாகப் போயிருந்தால் ‘இம்பேர்டு டிஷ்யூ இன்டெக்ரிட்டி’, மேலோட்டமாக இருந்தால் ‘இம்பேர்டு ஸ்கின் இன்டெக்ரிட்டி’. இரண்டையும் ஒன்றாகப் பாவித்து எழுதுவது ரெக்கார்டுகளில் சர்வசாதாரணம், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

மூன்றாவது, ரிஸ்க் டயக்னோசிஸுக்கு, அதாவது இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய பிரச்சினைக்கு, அறிகுறி எழுதுவது. அறிகுறி வந்துவிட்டால் அது ரிஸ்க் இல்லை, நடந்தே விட்டது. ரிஸ்க்குக்கு இரண்டு பகுதிதான், பிரச்சினையும் அதற்கு வழிவிடும் காரணிகளும்.

நான்காவதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ‘நோயாளியின் அலட்சியத்தால்’, ‘ஒத்துழைக்காததால்’ என்று காரணம் எழுதுவது. ஊசி போட்டால் கடலுக்குப் போக முடியாது என்று யாரோ சொன்னதை நம்பி இன்சுலினைத் தள்ளிப்போட்டவர் அலட்சியமானவர் அல்ல, பிழைப்புக்குப் பயந்தவர். ‘இன்சுலின் பற்றிய தவறான தகவல், வருமானம் குறித்த அச்சம்’ என்று எழுதுங்கள். அதற்குத்தான் நீங்கள் ஏதாவது செய்ய முடியும்.

8. எது முதலில்

மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், அப்புறம் மாஸ்லோவின் படிநிலை (உடல் தேவைகளில் தொடங்கி மனிதத் தேவைகளை அடுக்கும் வரிசை). இது பொதுவான வரிசை. இதோடு ‘இருக்கும் பிரச்சினை முதலில், வரக்கூடியது பிறகு’ என்று ஒரு விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறார்கள். அது எப்போதும் சரி வராது. நம் நோயாளிக்குக் காலை இன்சுலின் போட்டாயிற்று, பாதி இட்லி மிச்சம் இருக்கிறது. சுகர் 70-க்குக் கீழே இறங்கும் ரிஸ்க் இப்போது புண்ணைவிட அவசரம். புண் அரை மணி நேரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்த உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், கேர் பிளான் எழுதி முடிக்கும் வரை வைத்திருக்காதீர்கள்.

9. இலக்கு

இலக்கின் எழுவாய் நோயாளி. ‘நர்ஸ் பாதப் பராமரிப்பு பற்றிக் கற்பிப்பார்’ என்பது உங்கள் வேலை, இலக்கு அல்ல. ‘மூன்றாம் நாளுக்குள் நோயாளி தன் இரண்டு பாதங்களையும் கண்ணாடி வைத்துத் தானே பார்த்து, கண்டதைச் சொல்வார்’ என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ‘நன்றாகப் புரிந்துகொள்வார்’ என்பதை அளக்க வழியில்லை.

10. செயலும் காரணமும்

ஓரெம் மூன்று முறைகள் சொல்கிறார்: முழுக்க நாமே செய்வது, பகிர்ந்து செய்வது, கற்றுக்கொடுத்துப் பின்னால் நிற்பது. ஒவ்வொரு செயலுக்கும் எதுவென்று முடிவு செய்யுங்கள். டிரெஸ்ஸிங் இப்போது முழுக்க நம்முடையது, மாணவர் என்றால் சிஸ்டரோ இன்ஸ்ட்ரக்டரோ பக்கத்தில் இருக்க வேண்டும். காலைக் கழுவித் துடைப்பது பகிர்ந்து செய்வது. தினமும் பாதத்தைப் பார்ப்பது கற்றுக்கொடுப்பது. எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

கற்றுக்கொடுப்பதை அவர் வாழ்க்கைக்குள் போய்ச் சொல்லுங்கள். ‘வெறுங்காலோடு நடக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்னால் தலையாட்டுவார், கரைக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிடுவார். மத்தியான வெயிலில் மணல் சுடுவது மரத்த காலுக்குத் தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும் என்று சொல்லுங்கள். பின்வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் உள்தளம் உள்ளது) போட்டால் மணலில் கழன்று போகாது என்று சொல்லுங்கள். போடும் முன் உள்ளே கையை விட்டுச் சிப்பித் துண்டு, மீன் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவருக்கு விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துவதுதான் முக்கியம், ஏனென்றால் ஊறிய தோல் சீக்கிரம் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும். பிளேடை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம், காய்ப்பை மருத்துவமனையில் காட்டட்டும்.

சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா ஐயா?” என்று கேட்காதீர்கள், புரிஞ்சுது என்றுதான் பதில் வரும். “வீட்ல போய் அம்மாவுக்கு எப்படிச் சொல்லிக்காட்டுவீங்க, எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். எங்கே விட்டுப்போனது என்று அப்போது தெரியும்.

காரணம் எழுதும் நிரலில் ‘ஆறுதல் அளிக்க’, ‘தொற்றைத் தடுக்க’ என்று ஒரே வரியை எல்லாச் செயலுக்கும் போடுகிறார்கள். எப்படித் தடுக்கிறது என்று எழுத முடியாவிட்டால் அந்தச் செயலை ஏன் செய்கிறோம் என்று இன்னும் தெரியவில்லை, படித்துவிட்டு வாருங்கள்.

11. பதிவு

செய்த பிறகு எழுதுங்கள். காலையில் வந்ததும் மதியம் வரைக்கும் பி.பி. எழுதி வைப்பது பொய்ப் பதிவு, அதை நம்பி ஒரு டாக்டர் மருந்தை மாற்றுவார். நேரம், செய்தது, அதற்கு நோயாளியின் பதில், கையெழுத்து. தவறாக எழுதிவிட்டால் படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து. வொயிட்னர் கூடாது, மறைத்தது போல் ஆகிவிடும்.

சிஸ்டரிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியதை நான்கு பகுதியாகச் சொல்லிப் பழகுங்கள்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நீங்கள் கவனித்தது என்ன, என்ன வேண்டும். “சிஸ்டர், 12-ஆம் பெட் ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. ஏழரைக்கு இன்சுலின் போட்டாங்க, டிஃபன் பாதிதான் சாப்பிட்டார். லோ சுகரா இருக்குமோன்னு தோணுது, உடனே வந்து சுகர் பார்க்கறீங்களா?” அழுத்தமான நேரத்தில் வார்த்தை தடுமாறாமல் இருக்க இந்த வரிசை உதவும்.

புண்ணின் படத்தை மொபைலில் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முகம் தெரியாவிட்டாலும் அது அவருடைய உடல். ரெக்கார்டிலும் கேஸ் ஸ்டடியிலும் பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவர் கதையைத் தோழியிடம் சத்தமாகச் சொல்வதும் இதே தவறுதான், பின் சீட்டில் தேவனாம்பட்டினத்துக்காரர் யாராவது இருப்பார்.

12. மதிப்பீடு

‘இலக்கு எட்டப்பட்டது’ என்று எல்லாக் கட்டத்திலும் எழுதி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இலக்கில் எழுதிய அதே அளவுகோலை எடுத்து அதற்கு நேராக எழுதுங்கள்: மூன்றாம் நாள் காலை, வலது பாதத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார், இடது பாதத்தைப் பார்க்க மறந்தார், ஓரளவு எட்டப்பட்டது. இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்பட வேண்டாம், நோயாளியைப் பார்த்து எழுதிய ரெக்கார்டு எது என்று திருத்துபவருக்கு இந்த வரியில்தான் தெரியும்.

எட்டவில்லை என்றால் செயலை மட்டும் மாற்றாதீர்கள். நான்காம் படிக்குத் திரும்பித் தகவலைப் பாருங்கள். அவர் கண்ணாடியில் பாதத்தைச் சரியாகப் பார்க்காததற்குக் காரணம் மறதியாக இல்லாமல் பார்வை மங்கலாகவும் இருக்கலாம். சுகர் கண்ணையும் பாதிக்கும். கேட்டிருக்கிறீர்களா என்று நோட்டைப் பாருங்கள். இல்லை என்றால் நாளைக் காலை முதல் கேள்வி அதுதான், தேவைப்பட்டால் பாதம் பார்க்கும் வேலையை அவர் மனைவிக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.